ரைன் கரையில் ஓர் இஃபுகாவோ வீடு

ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன். கோட்டை, ஏரி, கிறிஸ்மஸ் சந்தை என்று இதுவரை எழுதிய எல்லாவற்றையும் வந்த அன்றே எழுதி முடித்தேன். இந்தப் பயணம் போனது கடந்த நவம்பரில். எழுத இத்தனை மாதம் பிடித்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. எழுதினால் எல்லாவற்றையும் எழுதவேண்டும், அதற்கு மனம் துணியவில்லை.

எங்கள் வீட்டின் மேல்மாடியில், கூரைச் சரிவுக்குக் கீழே இரண்டு அறைகள் இருக்கின்றன. ஒன்று மகனுடையது. அவன் ஆஹெனில் படிக்கப் போன பிறகு பூட்டிக் கிடக்கிறது, நத்தார் விடுமுறைக்கு வந்தால் நாலு நாள் படுப்பான். மற்றதில் இரண்டரை வருடமாக ஜொசலின் வாடகைக்கு இருந்தார். பிலிப்பைன்ஸ்காரி. நான் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்யும் அதே மருத்துவமனையில் தாதி. எங்கள் குசினியில்தான் சமைத்தார். ஊரில் அவருடைய தங்கையிடம் வளர்ந்த ஒன்பது வயது மகள் ஐரா இருந்தாள். அவளை இங்கே கூப்பிடத்தான் இந்தப் பெண் இரவு வேலைகளை எல்லாம் கேட்டு வாங்கிச் செய்தார்.

ஜொசலினின் ஊர் இஃபுகாவோ என்ற மலைநாடு. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வயல் வெட்டி வைத்திருப்பார்களே, படங்களில் பார்த்திருப்பீர்கள், அந்த ஊர். ரைன் ஆற்றங்கரைச் சிறுநகரம் ஒன்றின் அருங்காட்சியகத்தில் தன் ஊர்ப் பழைய வீடொன்று முழுதாக நிற்கிறதாம் என்று ஒருநாள் அரிசி கழுவிக்கொண்டே சொன்னார். எனக்கு உடனே இந்தப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது. தமிழில் இதைப் பற்றி ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள், அதுவும் அந்த ஊர்க்காரி ஒருத்தியோடு போய். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். தயவு செய்கிறவளின் குரலில்தான் சொன்னேன்.

புறப்படுவதற்கு முதல்நாள், ஜொசலினிடம், அவர்களுடைய சிவப்புக் கோடு போட்ட நெசவுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வரமுடியுமா, படத்துக்கு நன்றாக இருக்கும் என்று கேட்டேன். தோய்க்கப் போட்டிருக்கிறேன் என்றார். காலையில் ஜீன்ஸும் குளிர் ஜாக்கெட்டுமாக இறங்கி வந்தபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஞாயிறு காலை 8.20க்கு எசன் மத்திய நிலையத்தில் ஏறினோம்: நான், என் கணவர் ரவி, ஜொசலின். பிராந்திய ரயில்தான், மாதாந்த ஜெர்மனி டிக்கெட் வைத்திருந்தால் வேறு செலவில்லை. கொலோனில் மாறவேண்டும். டுசல்டோர்ஃபில் கால் மணி நேரம் நிறுத்தி வைத்ததால் கொலோனில் ஓட வேண்டியிருந்தது. அடுத்த ரயிலில் இடதுகைப் பக்கம் இருங்கள். பொன் என்ற நகரைத் தாண்டியதும் ஆறு கூடவே வரும், கரையில் திராட்சைத் தோட்டங்கள் பழுத்த இலையோடு மஞ்சளாக நின்றன.

ஜொசலின் ஜன்னலோரம் இருந்தார். நானும் ரவியும் எதிரே. அங்கேதான் ரவி தமிழில் அந்தக் கதையை எடுத்தார். மகளைக் கூப்பிடுவதற்கு, இருக்க இடம் உண்டு என்று வீட்டுக்காரர் கையொப்பமிட்ட கடிதம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு வேண்டும். ஜொசலின் என்னிடம் அதைக் கேட்டு மூன்று கிழமை ஆகியிருந்தது.

“அவவுக்கு என்ன சொல்லப் போறீர்?” என்று கேட்டார் ரவி. “ஒருக்காப் பிள்ளை வந்திட்டுதெண்டால் பிறகு எழுப்பி அனுப்பேலாது. தலைக்கு மேல ஓடித் திரியும். குசினியிலயும் ரெண்டு மடங்கு மீன் மணம்.”

“இடம் காணாது எண்டு சொல்லுவம். அறை சின்னன்தானே.”

“எங்கட மகன்ர அறை சும்மா கிடக்கிறது தெரியுமெல்லோ அவவுக்கு.”

“அதைக் கேக்க மாட்டா. அப்பாவி,” என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

ஜொசலின் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரக்குப் படகு ஒன்று நீரோட்டத்தை எதிர்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதைக் காட்டி, எவ்வளவு நிலக்கரி என்று ஜெர்மனில் சொன்னார். நானும் ஆமென்று அதே முகத்தோடு ஜெர்மனில் பதில் சொன்னேன்.

இறங்கிய ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே எங்களை அந்த வீட்டுக்குள் ஏறவிட்ட பெண்மணிக்கு அதற்கு அனுமதி இருந்ததா என்று எனக்குத் தெரியாது, அவருக்கு என்னால் ஒரு கரைச்சலும் வரக்கூடாது. நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர், நல்ல ஏற்றம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான், நாங்கள் தவறவிட்டு நடந்தோம். ரவிக்கு மூச்சு வாங்கியது. ஜொசலின் எங்களுக்காக இரண்டு தரம் நின்றார்.

பழைய பண்ணை வீடொன்றைத்தான் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். ஆளுக்கு ஏழு யூரோ. தானியக் களஞ்சியமாக இருந்த உயரமான மண்டபத்தின் நடுவில் வீடு நின்றது. கதவைத் திறந்தவுடன் பழைய புகையின் மணம்தான் முதலில் வந்தது.

நாலே நாலு தூண்கள். ஒவ்வொரு தூணின் கழுத்திலும் வண்டிச் சில்லு மாதிரி வட்டமான மரத்துண்டு கோத்திருந்தது. எலி ஏறாமல் இருக்க. தூண்களுக்கு மேலே பலகைப் பெட்டி போல ஓர் அறை, அதற்கு மேலே புல் வேய்ந்த பெரிய கூம்புக் கூரை. கூரை அவ்வளவு தாழ இறங்குவதால் தூரத்திலிருந்து பார்த்தால் சுவரே தெரியாது. ஜன்னல் கிடையாது. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, சாத்தி வைத்த ஒரு ஏணி. ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை, எல்லாம் பொருத்துத்தான். அதனால் கழற்றி வேறிடத்தில் பொருத்திவிடலாம். அங்கே நிலம்தான் அசையாத சொத்து, வீடு ஆடுமாடு மாதிரி நடமாடக்கூடிய சொத்தாம். ஊரார் சேர்ந்தால் ஒரே நாளில் இடம் மாற்றிவிடுவார்களாம். இந்த வீடும் ஒரு குடும்பம் சீமெந்து வீடு கட்டும்போது விற்றது, பலகை பலகையாகக் கப்பலில் வந்திருக்கிறது.

இதையெல்லாம் சொன்னவர் ஹைக்கெ என்ற வழிகாட்டி. எழுபது வயதிருக்கும். அன்று காலை எங்களைத் தவிர ஆளில்லை. நான் வந்தவுடனேயே ஜொசலினை முன்னால் தள்ளி, இவர் இஃபுகாவோ, இவரே எங்களுக்கு விளக்குவார் என்றேன். ஜொசலின் தலையாட்டி மறுத்தார். தான் வளர்ந்தது தகரக் கூரை போட்ட சீமெந்து வீட்டில், இப்படி ஒரு வீட்டில் தங்கியது அறுவடைக் காலங்களில் மட்டும், மாமா குடும்பத்தோடு, தெரிந்ததைவிடத் தெரியாததுதான் அதிகம் என்றார். அவரே ஹைக்கெயிடம் கேள்விகள் கேட்டார். கூரையின் உட்பக்கம் நெல் எங்கே அடுக்குவார்கள், அடுப்பு மூட்டினால் பலகை ஏன் எரிவதில்லை என்று. மரச்சட்டத்துக்குள் மண் நிரப்பி அதன்மேல் மூட்டுவார்களாம். புகை மேலே ஏறி நெல்லையும் புல்லையும் பூச்சி அரிக்காமல் காக்குமாம்.

பகலில் அந்த வீட்டுக்குள் யாரும் இருப்பதில்லை. வாழ்க்கை முழுக்க வீட்டுக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில். நெசவு, நெல் குத்துவது, பிள்ளை தாலாட்டுவது, வந்தவரோடு கதைப்பது எல்லாம் அங்கே. மேலே ஏறுவது சமைக்க, சாப்பிட, படுக்க. சற்று வளர்ந்த பிள்ளைகள் இரவில் வேறு வீட்டில், தங்கள் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து படுப்பார்கள். ஆகவே ஒரு குடும்பத்தின் வீடு அந்த ஒரு பெட்டி மட்டும் இல்லை, பக்கத்து வீடுகளும் முற்றமும் சேர்ந்ததுதான். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். நன்றாக எழுதலாம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஏணியில் ஏறி வாசலில் இருக்கச் சொல்லி ஜொசலினைக் கேட்டேன். ஒரு படம், கொஞ்சம் சிரிக்க வேண்டும். ஹைக்கெ என்னைப் பார்த்தார். பிறகு ஜொசலினிடம், படத்துக்காக வேண்டாம், ஆனால் உள்ளே போய்ப் பார்க்க விருப்பமா, தனியாக வேண்டுமானாலும் போகலாம் என்று கேட்டார். எனக்கு அப்போதே முகம் சுட்டது. ஜொசலின், எல்லோரும் போவோம் என்றார்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினோம். உள்ளே ஒரே இருட்டு. கண் பழகியதும் கரி படிந்த பலகைகள் மினுங்குவது தெரிந்தது. நாலு பேர் முழங்கால் முட்ட இருந்தோம். ரவி கூரையைப் பார்த்து, “கோழிக்கூட்டுக்கை இருக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார் தமிழில். நான் அவரைத் தடுக்கவில்லை. ஜெர்மனில் ஹைக்கெயிடம், உள்ளே ஒரு தடுப்புக்கூட இல்லாமல் புருஷன் பெண்சாதி எப்படித்தான் கதைத்துக்கொள்வார்கள், எல்லாருக்கும் எல்லாம் கேட்குமே என்று கேட்டேன்.

ஹைக்கெ தனக்குத் தெரியாது என்றார். ஜொசலின்தான் பதில் சொன்னார். மாமாவும் மாமியும் சண்டை பிடித்த இரவொன்றில் அவரும் மச்சாள்மாரும் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு நித்திரை போலக் கிடந்தார்களாம். கேட்டாலும் கேட்காத மாதிரி இருக்கவேண்டும். காலையில் யாரும் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. சின்ன வயதிலேயே அதைத்தான் முதலில் பழக்குவார்களாம், அந்த வீட்டில் மரியாதை என்றால் அதுதான்.

வெளியே யாரோ வந்து மணியடித்தார்கள். ஹைக்கெ இறங்கிப் போனார். நாங்கள் மூன்று பேரும் இருட்டில் இருந்தோம்.

“அக்கா,” என்றார் ஜொசலின். “எனக்குத் தமிழ் விளங்கும். கதைக்க ஏலாது. விளங்கும்.”

அவர் வாயிலிருந்து அதுவரை தமிழில் “அக்கா” தவிர வேறு வார்த்தை நான் கேட்டதில்லை. எங்கள் யாழ்ப்பாணத் தமிழ்தான், எங்கள் குசினியில் கேட்ட தமிழ். எவ்வளவு விளங்கும் என்று நான் கேட்டேன். எவ்வளவு மடத்தனமான கேள்வி.

“ரெயினில கதைச்சது விளங்கினது.”

பிறகு ஜெர்மனில் ஆறுதலாகச் சொன்னார். கோபம் இல்லையாம். முதல் வருடத்திலேயே விளங்கத் தொடங்கிவிட்டதாம், ஆனால் சொன்னால் எங்களுக்கு வெட்கமாக இருக்கும் என்று சொல்லாமல் விட்டாராம். கடிதம் இனித் தேவையில்லை, கெல்சன்கிர்ஹெனில் ஒரு வீடு பார்த்துக் கையொப்பமும் வைத்தாயிற்று, ஜனவரியில் போகிறேன் என்றார்.

எங்களோடேயே இருக்கலாம், மகனின் அறையையும் தருகிறோம் என்று நான் அவசர அவசரமாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“என் மகள் சின்னப்பிள்ளை,” என்றார் ஜெர்மனில். “கேட்காத மாதிரி இருக்க அவளுக்கு இன்னும் தெரியாது.”

நாங்கள் இறங்கினோம். மீதி மண்டபங்களில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டுதான் நடந்தேன், ஒன்றும் மனதில் ஏறவில்லை. ஹைக்கெ ஜொசலினிடம் பின்கதவின் தாழ்ப்பாளைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், இருவரும் சிரித்தார்கள். கீழே ஆற்றங்கரையில் ஒரு கடையில் ரவி மூன்று பேருக்கும் கேக் வாங்கினார். ஒருவரும் முழுதாகச் சாப்பிடவில்லை, ஜொசலினைத் தவிர.

திரும்பும் வழியில் நானும் ரவியும்கூட எங்களுக்குள் ஜெர்மனில்தான் கதைத்தோம். கல்யாணமாகி இருபத்திநாலு வருடத்தில் அப்படிக் கதைத்ததே இல்லை. வேற்று மனிதர் இருவர் மாதிரி இருந்தது. கொலோன் ரயில் மேடையில் ரவி ஜொசலின் முன்னால் போய் நின்று, மன்னித்துக்கொள்ளும் என்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஜொசலின் ஜெர்மனில், குளிருக்குத் தொப்பியைப் போடுங்கோ என்று மட்டும் சொன்னார்.

என்னால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. எதற்கென்று கேட்பது. ரயிலில் சொன்னது ஒன்றென்றால் கேட்கலாம். டொரோண்டோவில் இருக்கும் என் தங்கையோடு குசினியில் நின்று மணிக்கணக்காகக் கதைக்கிறவள் நான். பக்கத்தில் ஜொசலின் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்பார். புருஷன் விட்டுப் போனவள், பாவம், ஆனால் இவவிலயும் பிழை இருக்கும். இரவில் அழுகிறவ, மேலே சத்தம் கேட்கும். மாவாகச் சாப்பிட்டு நல்லா ஊதிப்போனா. இத்தனையையும் அவர் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறேன், சில நேரம் அவரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே. அவரும் புன்னகைத்தார். அந்தப் புன்னகைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாலு குடும்பம் ஒரு அகதி முகாமில் ஒரு குசினியைப் பங்கிட்டவர்கள். அங்கே வேலை செய்த ஜெர்மன்காரர்கள் எங்களைப் பற்றி எங்கள் முன்னாலேயே கதைப்பார்கள், விளங்காது என்று நினைத்து. விளங்கத் தொடங்கிய நாளில் எனக்கு எப்படி இருந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது. அது தெரிந்தும் செய்தேன் என்பதுதான் ஆக மோசமான பகுதி.

ஜனவரியில் அவருடைய சிநேகிதிகள் ஒரு வான் வண்டியோடு வந்து ஒரு காலைக்குள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். படிக்கட்டில் வைத்துத்தான் நான் கடைசியில் மன்னிப்புக் கேட்டேன், கையில் அவருடைய சோற்றுச் சட்டியோடு. தமிழிலேயே கேட்டேன். “ஓம் அக்கா” என்றார். சட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஊர்ப் பெயர் வேண்டுமென்றால் கீழே கேளுங்கள், தனியாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துச் சனிக்கிழமை போனால் பஸ் மணிக்கு ஒன்று உண்டு. மண்டபத்தில் சூடாக்கி இல்லை, தடித்த சொக்ஸ் போடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டவேண்டிய வீடு, அரை மணி நேரமாவது அதற்கென்று ஒதுக்குங்கள். யாரோ ஒருவருடைய ஊர் வீட்டைப் பார்க்க அவரையே கூட்டிக்கொண்டு போவதென்றால், அவர் போகட்டும், நீங்கள் கூடப் போங்கள். விளக்கச் சொல்லாதீர்கள், படத்துக்கு நிற்கச் சொல்லாதீர்கள். ரயிலில் நம்முடைய பாஷை நமக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

இதோடு முடித்திருப்பேன். போன மாதம் ஜொசலின் மருத்துவமனைக் கன்ரீனில் என்னைக் கண்டு, மகள் வந்துவிட்டாள், ஞாயிறு மதியம் சாப்பிட வாருங்கோ என்றார். ரவி வரத் தயங்கினார், பிறகு வந்தார்.

கெல்சன்கிர்ஹெனில் இரண்டாம் மாடி. இரண்டே அறைகள். ஒன்றில் புதிதாக வந்திறங்கிய இன்னொரு தாதி இருந்தார், வீடு கிடைக்கும் வரைக்கும் என்று ஜொசலின் கூப்பிட்டு வைத்திருக்கிறார். மற்றதில் ஜொசலினும் மகளும். நிலத்தில் விரிப்புப் போட்டு எல்லோருமாக இருந்து சாப்பிட்டோம். ஐரா ஒல்லியான பிள்ளை, முன்பல் கொஞ்சம் மிதப்பு. வந்து இரண்டு மாதத்தில் பள்ளிக்கூடத்தில் பிடித்த ஜெர்மனை எங்களிடம் பரீட்சித்துப் பார்த்தாள். சாப்பிட்டு முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு போய் அறையைக் காட்டினாள். அம்மா இங்கே படுப்பா, நான் இங்கே. நீங்கள் சுவர்ப் பக்கம் படுக்கலாம், அங்கே குளிராது.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் இரவு நிற்பார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள். ஜொசலின் சிரித்துக்கொண்டு, அவர்களுக்குப் பக்கத்திலேயே, எசனில், பெரிய வீடு இருக்கிறது என்றார்.

“எத்தனை அறை?” என்று கேட்டாள் ஐரா.

“ஐந்து,” என்றார் ரவி.

“எத்தனை பேர்?”

“ரெண்டு பேர்.”

அவள் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். இரண்டை மடக்கினாள். மிச்சம் மூன்று விரல்களைக் காட்டி, அப்ப இந்த அறைகளில் யார் படுக்கிறார்கள் என்று கேட்டாள். குற்றம் சொல்கிற கேள்வி இல்லை, அறியத்தான் கேட்டாள். எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி பதிலுக்காக நின்றாள். ஜொசலின் சட்டென்று எழுந்து, தேத்தண்ணி கொதிக்கிறது, அக்காவுக்குக் கோப்பை எடுத்து வா என்று அவளைக் குசினிக்கு அனுப்பினார்.